ஒளித்து வைத்த வேகம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை நேரத்தை மணிக்கணக்கில் சொல்வதில்லை. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருக்கும் நாளில் இரண்டு ஷிப்ட். "இந்த வாரம் எத்தனை ஷிப்டுங்க ஓட்டுனீங்க?" என்று ஒருவர் கேட்டால், சம்பளம் எவ்வளவு வந்தது என்று கேட்கிறார். கான்ட்ராக்டில் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிளில் மட்டும் கணக்கு வேறு. அங்கே பீஸ் ரேட். தைத்த உருப்படிக்குத்தான் காசு, உட்கார்ந்திருந்த நேரத்துக்கு இல்லை.

இரண்டு கணக்கிலும் நான் வேலை பார்த்திருக்கிறேன். கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். சாப்பாட்டு நேரத்தில் காலியாக இருக்கும் மெஷினில் உட்கார்ந்து ஓவர்லாக் பழகி டெய்லர் ஆனேன். பிறகு லைன் சூப்பர்வைசர், அதன்பின் புரொடக்‌ஷன் மேனேஜர். இப்போது பல கம்பெனிகளில் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். என்னைக் கூப்பிடும் முதலாளிகளில் பெரும்பாலோர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "ஆளுங்களுக்கு ஆர்வமே இல்லீங்க. ஒரு நாள் வந்து நல்லா மோட்டிவேட் பண்ணிட்டுப் போங்க."

ஒரு நாள் மைக் பிடித்துப் பேசி ஆர்வத்தை ஊட்டிவிடலாம் என்ற எண்ணத்தில் எனக்கு உடன்பாடில்லை. விடிகாலை நாலரைக்கு எழுந்து, சோறாக்கி, டிபன் கட்டி, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, கம்பெனி வேனைப் பிடித்து எட்டரைக்கு மெஷினில் வந்து உட்காரும் ஒரு பெண், ஆர்வம் இல்லாமல் வந்தவர் என்று எப்படிச் சொல்வது? கேட்டைத் தாண்டி உள்ளே வந்தபின் அந்த ஆர்வம் எங்கே, எந்த நேரத்தில், யாரால் வடிந்துபோகிறது என்பதைத்தான் நான் இத்தனை காலமாகப் பார்த்து வருகிறேன்.

வெளியே இருப்பவர்களுக்காக லைன் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு டி-ஷர்ட்டை ஒரே ஆள் தைப்பதில்லை. தோள் சேர்ப்பது ஒருவர், கழுத்துப் பட்டி ஏற்றுவது ஒருவர், கை ஏற்றுவது ஒருவர், பக்கம் மூட்டுவது ஒருவர், பேட்லாக் மெஷினில் அடி மடிப்பது இன்னொருவர். ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் எடுத்து, களைப்புக்கும் சொந்தத் தேவைக்கும் கொஞ்சம் கூட்டி ஒரு நேரம் வைப்பார்கள். அதைச் சுருக்கமாக எஸ்.ஏ.எம். என்போம். ஒரு சட்டைக்கு மொத்தம் 6 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 பேர் உள்ள லைன் 480 நிமிடம் ஓடினால் 14,400 நிமிடம். ஆறால் வகுத்தால் 2,400 சட்டை. அது நூறு சதவீதம். 1,200 வந்தால் ஐம்பது. இந்தச் சதவீதத்துக்குத்தான் எஃபிஷியன்சி என்று பெயர். லைன் முனையில் தொங்கும் போர்டில் மணிக்கு மணி எண் எழுதுவது அதற்காகத்தான்.

அந்தப் போர்டை முதலாளி நம்புகிறார், மேனேஜர் நம்புகிறார், பையரின் ஆளும் நம்புகிறார். டெய்லராக உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு மட்டும் தெரியும், அதில் ஏறுவது டெய்லர் காட்ட விரும்பிய எண் என்று.

கை ஏற்றும் வேலைக்கு மணிக்கு 60 என்று டார்கெட் இருக்கும். பழகிய கை 75, 80 கூடப் போடும். ஆனால் போர்டில் 60, 61, 59, 60 என்றே வரும். மிச்சம் எங்கே போகிறது? மெஷினுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள், பிரிக்காத பண்டலுக்குக் கீழே, சில சமயம் மடியிலேயே. அடுத்த மணி நேரத்தில் ஊசி உடைந்தாலோ, பாத்ரூம் போய்வர நேரமானாலோ, தலைவலி வந்தாலோ அந்தப் பீஸ்கள்தான் அவரைத் திட்டிலிருந்து காப்பாற்றும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நான் சூப்பர்வைசராக இருந்த லைனில் கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஓவர்லாக் டெய்லர் இருந்தார். அவர் கை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஒரு நாள் அவரிடமே கேட்டேன், "உங்களால எண்பது போட முடியும்னு எனக்குத் தெரியும். ஏன் அறுபதுலயே நிக்கறீங்க?" தலையைத் தூக்காமலே சொன்னார்: "இன்னைக்கு எம்பது போட்டா நாளைக்கு டார்கெட்டே எம்பதாயிரும்ங்கக்கா. சம்பளம் அதே ஷிப்டுச் சம்பளந்தானுங்க. பக்கத்து மிஷின்ல இருக்கற புள்ள இப்பத்தான் தைக்கப் பழகுது. அதையும் எம்பது போடச் சொல்லிச் சத்தம் போடுவாங்க."

இந்தப் பதிலில் சோம்பேறித்தனம் எங்கே இருக்கிறது? தன் உழைப்பைப் பற்றிய சரியான கணக்கும், பக்கத்தில் இருக்கும் சின்னப் பெண்மீது அக்கறையும் இருக்கிறது. பவர்டேபிளிலும் இதே கதைதான். ஒரு டெய்லர் வேகமாகத் தைத்து அதிகம் சம்பாதித்தால், "இந்த வேலைக்கு இவ்வளவு ரேட் வேண்டியதில்லை" என்று அடுத்த ஆர்டருக்கு ரேட்டைக் குறைத்துவிடுவார்கள். வேகமாக உழைத்ததற்கு அபராதம் விதிப்பதுபோல இது. ஒருமுறை இது நடந்துவிட்டால் அந்த டேபிளில் யாரும் முழு வேகத்தை மறுபடி காட்ட மாட்டார்கள்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய குணம் இல்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதோர்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளைப் பற்றி மேலாண்மை வகுப்புகளில் எல்லோரும் சொல்வார்கள். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது, தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்ற உணர்வே அதற்குக் காரணம் என்று கதை முடியும். அந்த விளக்குக் கதை அவ்வளவு உறுதியானது அல்ல. பழைய எண்களைத் தேடியெடுத்து ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2011-ல் மறுபடி ஆராய்ந்தபோது, கதையில் சொல்லும் அளவுக்கு விளைவு எதுவும் அதில் தென்படவில்லை. அதே ஆலையில் 1931 கடைசியில் தொடங்கி 1932 வரை நடந்த இன்னொரு கவனிப்பைப் பற்றி வகுப்புகளில் அதிகம் பேசுவதில்லை. டெலிபோன் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் 14 ஆண்களைத் தனி அறையில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களே தங்களுக்குள் ஓர் அளவு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் போனவனின் தோளில் குத்தினார்கள். அதிகமாகச் செய்த நாளின் மிச்சத்தைக் குறைவாகச் செய்த நாளின் கணக்கில் சேர்த்துக் காட்டினார்கள். வேகத்தைக் காட்டினால் ரேட்டைக் குறைப்பார்கள், அல்லது ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம்தான் காரணம். கோபிப் பெண் சொன்னதும் அதைத்தான்.

நான் மேனேஜராக இருந்த ஒரு கம்பெனியில் முதலாளியிடம் ஒரே ஒரு உறுதி கேட்டு வாங்கினேன். ஒரு ஸ்டைல் லைனில் ஏறி, கை பழகும் வரை சில நாள் விட்டுவிட்டு டார்கெட் வைப்போம். அதன்பின் அந்த ஆர்டர் முடியும் வரை அந்த எண்ணைத் தொடக்கூடாது. அதற்கு மேல் போகும் நல்ல பீஸ்களுக்கு ஒரு தொகை; அது லைன் முழுவதற்கும் பொது, கைமடிக்கும் செக்கிங்குக்கும் சேர்த்து. கணக்கை ஒவ்வொரு நாளும் தமிழிலும் இந்தியிலும் எழுதி சுவரில் ஒட்ட வேண்டும். கணக்குப் பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. "எல்லாருக்கும் கணக்குத் தெரிஞ்சுட்டா அப்புறம் கேள்வி கேப்பாங்களே" என்றார். கேட்கட்டும் என்றுதான் ஒட்டச் சொன்னேன்.

முதல் ஸ்டைலில் ஒன்றும் நடக்கவில்லை. ஆட்கள் எங்களைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டார்கெட்டைத் தாண்டிய இரண்டு நாளுக்குப் பிறகும் போர்டில் எண் மாறாமல் இருக்கிறதா, சொன்ன பணம் சனிக்கிழமை கவரில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. இரண்டாவது ஸ்டைல் பாதியில் மெஷினுக்கு அடியில் இருந்த பெட்டிகள் காலியாகத் தொடங்கின. மூன்றாவது ஸ்டைலில், எந்த இடத்தில் பீஸ் தேங்குகிறது என்று டெய்லர்களே கைகாட்டினார்கள். "இங்க ஒரு சிங்கர் மிஷின் சேத்துப் போடுங்க, சும்மா நிக்குது லைனு" என்று சொன்னது ஒரு கைமடிப் பையன். அதற்குமுன் அந்தப் பையன் வாய் திறந்து நான் கேட்டதில்லை. யாருக்கும் நான் புதிதாக வேகம் கற்றுத்தரவில்லை. ஏற்கெனவே கையில் இருந்ததைத்தான் வெளியே எடுத்தார்கள்.

தொகையை ஆளுக்கு ஆள் தராமல் லைனுக்குப் பொதுவாக வைத்ததற்குக் காரணம் உண்டு. தனித்தனியாக வைத்தால் வேகமான டெய்லர் எளிய பண்டலுக்குச் சண்டை போடுவார். பக்கத்தில் பழகுபவருக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரமிருக்காது. இந்தியத் துணி ஆலையிலேயே இதற்குப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. 1953-ல் அகமதாபாத் காலிகோ மில்லில் தானியங்கித் தறிகளை வைத்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள், யாருக்கும் யாரோடும் ஒட்டு இல்லை. லண்டன் டாவிஸ்டாக் நிலையத்திலிருந்து வந்த ஏ.கே. ரைஸ், சில தறிகளைச் சேர்த்து ஒரு சிறு குழுவின் பொறுப்பில் விடலாம் என்று யோசனை சொன்னார். தொழிலாளர்கள் அதைத் தங்கள் யோசனையாகவே எடுத்துக்கொண்டு குழுக்களைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி கூடியது, சேதமும் குறைந்தது.

உற்பத்தி குறைவதற்கு ஆர்வக் குறைவு என்று பெயர் வைப்பதில் பாதிக்கு மேல் அநியாயம். எட்டரைக்கு லைன் உட்கார்ந்துவிடும்; கட்டிங்கிலிருந்து பண்டல் வராது. பண்டல் வந்தால் காலர் ரிப் வராது, டையிங்கில் ஷேட் மாறித் திரும்பப் போயிருக்கும். ரிப் வந்தால் லேபிள் வராது. எல்லாம் வந்தால் நூலின் கலர் பொருந்தாது. பதினொரு மணி டீ முடிந்தும் முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மத்தியானம் துணி வந்ததும் அவர்கள்மீதே சத்தம் கிளம்பும்: "சீக்கிரம், சீக்கிரம், நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்!" சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டியவரை எட்டரை வரை நிற்கச் சொல்வார்கள். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருவர் சொன்னால், "எல்லாருக்கும் வீடு இருக்குது" என்று பதில் வரும். அன்றைய ரிப்போர்ட்டில் எஃபிஷியன்சி 35 சதவீதம், காரணம் என்ற கட்டத்தில் 'டெய்லர் பெர்ஃபார்மன்ஸ்' என்று எழுதியிருக்கும். நான் கண்ணால் பார்த்த ரிப்போர்ட் அது.

வேலை இல்லாமல் உட்காருவது ஓய்வு என்று ஆபீசில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மெஷினில் உட்கார்ந்தவருக்கு அதுபோல் அலுப்பு வேறில்லை. தன் நேரத்துக்கு இங்கே மதிப்பில்லை என்பதை ஒவ்வொரு நிமிடமும் அவர் உணர்கிறார். மத்தியானத்துக்குப் பிறகு நீங்கள் எவ்வளவு கத்தினாலும் அந்தக் கைக்குப் பழைய வேகம் வராது. அதனால் நான் போகும் இடங்களில் முதல் வேலையாகப் போர்டில் இன்னொரு கட்டம் போடச் சொல்வேன்: லைன் எத்தனை நிமிடம் நின்றது, யாரால் நின்றது. கட்டிங்கா, ஸ்டோரா, மெக்கானிக்கா, மெர்ச்சண்டைசரா? அந்தக் கட்டத்தைத் தொடர்ந்து எழுதினாலே கம்பெனிக்குள் பேச்சு மாறிவிடும். இத்தனை நாள் டெய்லரைப் பார்த்து நீண்ட விரல் மாடியில் இருக்கும் ஆபீஸ் பக்கமும் திரும்பும்.

லைன் நிற்கும் காரணம் சில சமயம் கம்பெனிக்கு வெளியிலும் இருக்கும். 2011 ஜனவரியில் சாயக் கழிவை வெளியே விடுவதை முற்றிலும் நிறுத்தாத டையிங் ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் கெட்டுப்போன விவசாயிகளையும் நினைத்தால் அந்த உத்தரவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாதங்களில் துணி வராமல் லைன்கள் நின்றன. வேலை இல்லை என்று ஆட்களை அப்படியே அனுப்பிய கம்பெனிகளும் இருந்தன. பாதிச் சம்பளமாவது கொடுத்து, "துணி வந்ததும் கூப்பிடறோம், வந்துருங்க" என்று சொன்னவையும் இருந்தன. வேலை திரும்பியபோது நல்ல டெய்லர்கள் எந்தக் கேட்டுக்குப் போய் நின்றார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சம்பளத்தைப் பொறுத்தவரை, அது குறைவு என்பதைவிடப் பக்கத்து ஆளோடு ஒப்பிட்டால் காரணமில்லாமல் வேறுபடுகிறது என்பதுதான் லைனை அதிகம் உடைக்கிறது. ஒரே வேலை, ஒரே மெஷின், ஒருவர் கம்பெனி ஆள், அடுத்தவர் கான்ட்ராக்டர் ஆள். ஒருவர் உள்ளூர், அடுத்தவர் ஒடிசாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர். ஒருவர் ஆண், அடுத்தவர் பெண். வாரக் கவரில் ஆளுக்கு ஒரு தொகை. கேட்டால் ஒழுங்கான காரணம் யாராலும் சொல்ல முடியாது. 2018-ல் எமிலி பிரேசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷம்தசானி மூவரும் ஒடிசாவில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே பொருளைச் செய்யும் சிறு குழுவுக்குள் சம்பளத்தை வேறுபடுத்தினார்கள். குறைந்த சம்பளம் வாங்கியவர்களின் உற்பத்தி சரிந்தது. நாள் கூலி கிடைக்கும் என்று தெரிந்தும் பலர் வேலைக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்கள். ஆனால் கூடுதல் சம்பளம் வாங்குபவர் உண்மையிலேயே கூடுதலாகச் செய்கிறார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த குழுக்களில் அந்தச் சரிவு இல்லை. நம் ஆட்கள் சமமாகக் கொடு என்று கேட்பதில்லை. காரணத்தைச் சொல்லிக் கொடு என்றுதான் கேட்கிறார்கள். ஏ கிரேடு, பி கிரேடு என்று பிரித்தால், எத்தனை வேலை தெரிந்தால் ஏ கிரேடு என்பதையும் எழுதி ஒட்டுங்கள். ஓவர்லாக்கோடு பேட்லாக்கும் பழகியவருக்குக் கூடக் கொடுத்தால் யாரும் முணுமுணுப்பதை நான் பார்த்ததில்லை.

சம்பளம் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். சனிக்கிழமைக் கவர் ஒரு வாரம் தள்ளிப்போனால் அந்த லைனில் ஊசி உடையும் சத்தம் அதிகமாகக் கேட்கும். மனசு கடனில் இருந்தால் கண் தையலில் நிற்காது. கையில் ஊசி ஏறுவதும் அந்த வாரத்தில்தான். இதையும் ஒடிசாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களில் சிலருக்குக் கூலியின் ஒரு பகுதியைக் கடைசிவரை வைத்திருக்காமல் முன்கூட்டியே கொடுத்தார்கள். அந்தக் காசு கடனை அடைக்கவும் வீட்டுச் செலவுக்கும் போனது. தொகை ஒன்றுதான், ரேட்டும் ஒன்றுதான். ஆனாலும் உற்பத்தி ஏறியது, வறுமை அதிகம் உள்ளவர்களிடம் இன்னும் கூடுதலாக ஏறியது, கவனப் பிசகும் குறைந்தது. இதற்கு நேர் எதிரான ஏற்பாடு நம் நூற்பாலைகளில் இருந்தது: மூன்று ஆண்டு முடிந்ததும் மொத்தமாகத் தருகிறோம், கல்யாணத்துக்கு உதவும் என்று சொல்லி இளம்பெண்களின் கூலியைப் பிடித்துவைத்த சுமங்கலித் திட்டம். ஊக்கத்தொகை என்று அதற்குப் பெயர் சொன்னவர்கள் உண்டு. உழைத்த காசைப் பிடித்து வைத்திருப்பது ஊக்கம் கொடுப்பதாகாது. அது ஆளையே பிடித்து வைப்பது.

சூப்பர்வைசரின் வாய்க்கு வருகிறேன். கொங்கு நாட்டில் சின்னப் பிள்ளையைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவோம். அதே ஊரில், லைனுக்குள் நுழைந்ததும் மூத்த பெண்களை 'ஏய்', 'வா, போ' என்று கூப்பிடும் சூப்பர்வைசர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசமான சொற்களையும் கேட்டிருக்கிறேன். இங்கே எழுத மாட்டேன். கத்தினால் அந்த ஒரு மணி நேரம் எண் ஏறும் என்பது உண்மை. அப்படி ஏறிய பீஸ்களில் பாதி செக்கிங்கில் திரும்பி வரும் என்பதும் உண்மை. வெறும் சத்தத்தோடு நிற்காத இடங்களும் இருக்கின்றன. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற பெண்கள் தலைமையிலான சங்கம் முன்நின்று கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம், ஆடை ஆலையில் பெண்கள்மீதான பாலியல் வன்முறையையும் தொல்லையையும் தடுக்க எழுதப்பட்டது. தொழிலாளிகளுக்குள்ளேயே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, பயமில்லாமல் புகார் சொல்ல வழி செய்தது. பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் போய் உற்பத்தியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. முதலில் அந்தப் பயம் போக வேண்டும்.

வாய்க்கு மறுபக்கம் காது. ஸ்டைல் மாறும்போதுதான் லைன் அதிகம் விழும், ஆட்களும் அப்போதுதான் அதிகம் வேலையை விட்டு நிற்பார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் மரியான் என்ற ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா ஆலை இருந்தது. அங்கே லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் நடத்திய ஆய்வு 1948-ல் வெளியானது. வேலை முறையில் ஒரு சிறு மாற்றம். ஒரு குழுவுக்கு, இனிமேல் இப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள். வேறு குழுக்களை உட்காரவைத்து, எதற்காக மாற்றம், எப்படிச் செய்யலாம், எவ்வளவு ரேட் என்று அவர்களையும் சேர்த்தே முடிவு செய்தார்கள். முதல் குழுவின் உற்பத்தி விழுந்து எழவே இல்லை. 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். கலந்து பேசிய குழுக்கள் சீக்கிரமே பழைய வேகத்துக்கு வந்து அதையும் தாண்டின. அப்படித் தாண்டியவர்கள் கெட்டிக்காரர்களாக அமைந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. முதல் குழுவில் மிச்சமிருந்தவர்களையே பின்னால் கலந்து பேசி வேறு வேலைக்கு மாற்றியபோது அவர்களும் நன்றாகவே செய்தார்கள்.

இதைப் படித்தபின் நான் ஸ்டைல் மாறும் காலையில் லைனை அரை மணி நேரம் நிறுத்திவிடுவேன். சாம்பிள் சட்டையை டெய்லர்கள் கையில் கொடுத்து, "இதுல எது கஷ்டம்?" என்று மட்டும் கேட்பேன். பாக்கெட் மூலை சுருங்கும், இந்தத் துணி சுருண்டுக்கும், இந்த நூல் அறும் என்று அவர்கள் சொல்வது அடுத்த வாரம் அப்படியே நடக்கும். சாம்பிள் ரூமில் யாருக்கும் தோன்றாதது மெஷினில் உட்கார்ந்த கைக்குத் தெரிந்திருக்கும். பெங்களூரு ஆடை ஆலைகளில் 2016-ல் சம்பள உயர்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்த சமயம், தொழிலாளர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் வேலை, சம்பளம், சூப்பர்வைசர் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். அவர்களுக்கு மட்டும் சம்பளத்தைக் கூடுதலாக ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை. கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போவது மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. இதைச் சம்பளம் கொடுக்காமல் தப்பிக்கும் வழியாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்டுவிட்டு ஒன்றுமே செய்யாவிட்டால் அடுத்த முறை பதில் வராது.

சூட்டையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே அயர்னிங் பக்கத்தில் நின்று பாருங்கள். பெங்களூரு ஆலைகளில் பழைய டியூப் லைட்டுகளை எல்.இ.டி.யாக மாற்றியபோது, விளக்குச் சூடு குறைந்ததாலேயே வெயில் நாட்களில் தையல் கூடியது என்று ஓர் ஆய்வு காட்டியது. கரண்ட் பில்லுக்காகச் செய்த மாற்றம் அது.

எங்கள் ஊரை ஒரு காலத்தில் ஓட்டிய பெரிய ஆர்வம் ஒன்று உண்டு: நாளைக்கு நானும் முதலாளி ஆவேன் என்பது. 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் பொது வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அதற்குப் பிறகு கம்பெனிகள் வேலையைப் பிரித்துச் சிறு யூனிட்டுகளுக்குக் கொடுக்கத் தொடங்கின. கட்டிங் மாஸ்டராக இருந்தவர் நாலு மெஷின் போட்டார், டெய்லராக இருந்தவர் பவர்டேபிள் கான்ட்ராக்ட் எடுத்தார். அப்படி எழுந்தவர்களைப் பற்றி ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-ல் ஒரு நூலே எழுதினார். அந்தக் கதவு இன்று பெரும்பாலும் சாத்திக் கிடக்கிறது. ஆடிட், காம்ப்ளையன்ஸ், முதலீடு என்று தேவைப்படும் தொகை எங்கோ போய்விட்டது. பெண்களுக்கு அந்தக் கதவு அன்றைக்கே திறந்திருக்கவில்லை. லைனில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், லைனை ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்ற நிலை இன்னும் நீடிக்கிறது. இருபது வயதில் ஓவர்லாக்கில் உட்கார்ந்தவர் நாற்பதிலும் அதே மெஷினில், அதே கிரேடில் இருந்தால் அவர் எதற்காக இன்னும் ஒரு பீஸ் அதிகம் போட வேண்டும்?

வங்கதேசத்தில் பெண் டெய்லர்களுக்கு சூப்பர்வைசர் பயிற்சி கொடுத்து, அதே பயிற்சி பெற்ற ஆண்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. தொடக்கத்தில் லைனில் இருந்தவர்கள் பெண்களைக் குறைவாகத்தான் மதிப்பிட்டார்கள். சில மாதம் அவர்கள் கையில் லைன் ஓடியபின் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. நான் முதன்முதலில் லைன் எடுத்தபோதும் இப்படித்தான். "பொம்பளை சொல்லி நாங்க செய்யறதா?" என்று கேட்ட சிங்கர் டெய்லர் ஒருவர், அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் வந்து, "அக்கா, என்ற சம்சாரத்துக்கும் உங்க லைன்ல ஒரு மிஷின் போட்டுக் குடுங்க" என்று கேட்டார்.

அடுத்த லைனுக்கு சூப்பர்வைசர் தேடும் முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். வெளியே விளம்பரம் கொடுக்கும் முன் உங்கள் லைனிலேயே ஒரு சுற்றுப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தைக்கச் சொல்லிக்கொடுக்கும் பெண் ஒருவர் எல்லா லைனிலும் இருப்பார். அவருக்குக் கணக்கு எழுதப் பழக்குங்கள், சூப்பர்வைசர் சம்பளத்தையே கொடுங்கள், ஆறு மாதம் அவகாசம் கொடுங்கள். முதல் மாதப் போர்டைப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள்.